கீழச்சந்து குடும்பங்கள், செல்லூர், மதுரை (வாட்ஸ்அப் குழு)

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து எங்கள் வாசலில் பாதாளச் சாக்கடை பொங்கி வழிகிறது. ஞாயிற்றுக்கிழமை மீனாவுக்கு வளைகாப்பு. பந்தல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

பரோட்டாக் கடை ரவி: எங்கள் வாசலிலும்தான் அக்கா.

கண்ணம்மா அத்தை: மீனாவுக்கு ஏழா, ஒன்பதா?

செல்வி: ஏழு, அத்தை.

பழனிச்சாமி: எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். மேன்ஹோலில் இறங்கி அரை மணி நேரத்தில் அடைப்பை எடுத்துவிடுவார். 2,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்கு நூறு போட்டால் முடிந்தது.

ரவி: 👍

ஆறுமுகம் ஆசிரியர்: பழனிச்சாமி, அந்தப் பேச்சே வேண்டாம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. நம் நேரு நகர் கழிவுநீர்க் கிணற்றில் 2022 ஏப்ரலில் மூன்று பேர் செத்தது அதற்குள் மறந்துவிட்டதா? உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே போகிறவன்தான்

ஆறுமுகம் ஆசிரியர்: கை பட்டு அனுப்பிவிட்டது. தொடர்கிறேன்.

ரவி: சார், நீங்கள் தொடர்வதற்குள் தெரு மிதந்துவிடும்.

கார்த்திக் பெங்களூரு: இதற்குத்தான் ரோபோ இருக்கிறதே! பாண்டிக்கூட். கேரளத்துப் பையன்கள் செய்தது. காணொளி அனுப்புகிறேன்.

கண்ணம்மா அத்தை: கார்த்தி, வளைகாப்புக்கு வருகிறாயா இல்லையா? பெரியப்பா செத்ததற்கும் காணொளியில்தான் வந்தாய்.

ஆறுமுகம் ஆசிரியர்: கார்த்திக் சொல்வது சரி. 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. நாலு கால் ஊன்றி மேன்ஹோல் வாயில் நிற்கும். அதன் கை உள்ளே இறங்கி மண்ணையும் துணியையும் அள்ளும். கேமரா உண்டு, இயக்குபவர் மேலே நின்று திரையில் பார்த்துக்கொள்வார். 2015-இல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளிகளும் அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள், அதற்குப் பிறகு வந்த கருவி இது. கழிவுநீர்த் தொட்டிக்கென்று சென்னை ஐஐடியும் ஹோமோசெப் என்று ஒன்று செய்திருக்கிறது.

ரவி: கார்த்தி, போன வாரம்தானே செயற்கை நுண்ணறிவு உன் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறது என்று புலம்பினாய்? இப்போது அந்த மனிதரின் வேலையைப் பிடுங்கச் சொல்கிறாய்.

கார்த்திக்: இரண்டும் ஒன்றா அண்ணே?

ரவி: கூலி கூலிதானே.

பழனிச்சாமி: அதைத்தான் நானும் சொல்கிறேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமாம், அவரே வாய்விட்டுக் கேட்டார். நாம் வேண்டாம் என்றால் அடுத்த தெருவில் இறங்குவார். நம் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆறுமுகம் ஆசிரியர்: அவர் சம்மதித்தாலும் சட்டம் விடாது.

பழனிச்சாமி: சட்டமா சார் கட்டணம் கட்டும்?

செல்வி: ஐயா, என் வாசல்!

மாரியம்மாள் நர்ஸ்: அவர் பெயர் என்ன மாமா?

பழனிச்சாமி: யார் பெயர்?

மாரியம்மாள்: இறங்கப் போகிறவர் பெயர்.

பழனிச்சாமி: நம்பர்தான் இருக்கிறது.

மாரியம்மாள்: என் அப்பாவும் இறங்கியவர்தான். குடிக்காமல் இறங்க முடியாது. வந்து சீயக்காய் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்ப்பார், நகக்கண்ணில் கறுப்பு போகாது. சோற்றில் கை வைக்க மாட்டார், அம்மாதான் உருட்டி ஊட்டுவாள். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில், அவருக்கு ஊட்டிவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவாள். ரவி அண்ணே, இந்த வேலையைத் தாராளமாகப் பிடுங்கட்டும். ஆனால் ரோபோ வந்ததும் வெளியாள் திரையைப் பார்த்துச் சம்பளம் வாங்க, எங்கள் ஆட்கள் அதைக் கழுவி வைக்கிற கதை வேண்டாம். இயக்குகிற பயிற்சியை இறங்கினவர்களுக்கே கொடுக்கட்டும், மாதச் சம்பளத்தோடு.

ரவி: நான் விளையாட்டாகச் சொன்னேன் தங்கச்சி.

மாரியம்மாள்: தெரியும் அண்ணே. உங்கள் சால்னா எண்ணெய் எங்கே போகிறது என்பதும் தெரியும்.

கண்ணம்மா அத்தை: மாரி, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

கார்த்திக்: 😂 சால்னா

ரவி: எண்ணெய் மட்டுமா? குழந்தை டயப்பரை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

பழனிச்சாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஆறுமுகம் ஆசிரியர்: என்ன எழுதினீர்கள், என்ன அழித்தீர்கள்?

செல்வி: எல்லோரும் சற்று நிறுத்துங்கள். வார்டு அலுவலகத்தில் பேசிவிட்டேன். ரோபோ எல்லாம் இல்லையாம். அடைப்பு எடுக்கும் வண்டி நாளை மதியம் வரும். குழாயை உள்ளே விடுவதற்கு மேன்ஹோல் மூடியைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். மூடி பழனிச்சாமி அண்ணன் வீட்டுச் சாய்தளத்துக்கு அடியில் இருக்கிறது.

ரவி: ஆகா.

ஆறுமுகம் ஆசிரியர்: அதைக் கட்டும்போதே வாசலில் நின்று சொன்னேன். பாண்டிக்கூட் வந்தாலும் கால் ஊன்ற மூடி வெளியே தெரிய வேண்டும்.

பழனிச்சாமி: நீங்கள் சொன்னது சாய்தளத்துக்காக இல்லை சார், உங்கள் கார் திரும்பவில்லை என்பதற்காக.

செல்வி: அண்ணே, நாளைக் காலையில் கொத்தனாரை வரச் சொல்லட்டுமா?

பழனிச்சாமி: உடைத்தால் திரும்பக் கட்டித் தருவது யார்?

கார்த்திக்: நான் ஆயிரம் போடுகிறேன்.

கண்ணம்மா அத்தை: பந்தி மாடியிலா, மண்டபத்திலா? கலவை சாதம் ஐந்தா, ஏழா? சமையல்காரர் என்னைத்தான் கேட்கிறார்.

செல்வி: நாளை மதியம் வண்டி வந்த பிறகு சொல்கிறேன் அத்தை.

பழனிச்சாமி: மகனைக் கேட்டுச் சொல்கிறேன். பைக்கை ஏற்றுவது அவன்தான்.

ஆறுமுகம் ஆசிரியர்: செலவைத் தெருச் சங்கப் பணத்தில் எடுக்கலாம்.

ரவி: எந்தச் சங்கம் சார்? போன பொங்கல் கணக்கே இன்னும் உங்களிடமிருந்து வரவில்லை.