வீட்டு இணையம்: மாசம் 30 வெள்ளியா, 50 வெள்ளியா? எதுக்குக் காசு கொடுக்கிறோம்?

பொங்கோல்வாசி
வணக்கம் சிங்கப்பூர் மக்களே. வீட்டு இணைய ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. இப்ப இருக்கிறது 1 ஜிகாபிட் (நொடிக்கு 1,000 மெகாபிட்) வேகம், மாசம் 50 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. கையெழுத்துப் போட்டா அதே விலைக்கு 3 ஜிகாபிட் தர்றோம்னு போன் மேல போன். இன்னொரு பக்கம் 30 வெள்ளிக்குள்ள 10 ஜிகாபிட்டே கிடைக்குது. வீட்டில் ஐந்து பேர். மனைவிக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, பிள்ளைங்க ரெண்டு பேர், அம்மாவுக்கு ராத்திரி சீரியலும் திருச்சிக்கு வீடியோ காலும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அந்த வீடியோ கால் மட்டும் உறைஞ்சு நிக்குது. மத்ததெல்லாம் ஓடுது. நீங்களா இருந்தா எதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க? வேகத்துக்கா, தரத்துக்கா?

வெள்ளிக்கணக்கு
30 வெள்ளிக்குப் போங்க அண்ணே, யோசிக்கவே வேணாம். உங்க வீட்டுக்கு வர்ற கண்ணாடி இழை நெட்லிங்க்ங்கிற கம்பெனியோடது. இணையம் விக்கிற எல்லாக் கம்பெனியும் அதை வாடகைக்குத்தான் எடுக்குது. ஒரு வீட்டு இணைப்புக்கு மாச வாடகை முன்னாடி 15 வெள்ளி, அப்புறம் 13.80, 2024 ஏப்ரலிலிருந்து 13.50. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற அரசு ஆணையமான ஐஎம்டிஏ நிர்ணயிக்கிற விலை, சின்னக் கம்பெனிக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒண்ணுதான். இழை அறுந்தாலும் நெட்லிங்க் ஆள்தான் வந்து பார்ப்பார். அப்புறம் எதுக்கு மாசம் 20 வெள்ளி கூட? 24 மாச ஒப்பந்தத்துக்கு அது 480 வெள்ளி. அந்தக் காசுக்கு வீடு முழுக்க வைஃபையைப் பரப்புற நல்ல மெஷ் செட்டே வாங்கிடலாம்.

நெட்வொர்க்காரன்
தம்பி, இழை ஒண்ணுதான். அதுக்குப் பின்னாடி இருக்கிறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. நான் இந்தத் துறையிலதான் வேலை பார்க்கிறேன். போக்குவரத்தைப் பிரிச்சு அனுப்புற கேட்வே, இணையத்தளப் பேரை முகவரியா மாத்துற டிஎன்எஸ், கடலடிக் கேபிள்ல வாங்கி வச்சிருக்கிற கொள்ளளவு, ராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுக்கிற ஆள், இதெல்லாம் அந்த 13.50 போக மிச்சக் காசில்தான் நடக்கணும். 30 வெள்ளி வாங்குறவங்ககிட்ட எவ்வளவு மிஞ்சும்னு நீங்களே போட்டுப் பாருங்க. முதல்ல கை வைக்கிற இடம் வெளிநாட்டுக் கொள்ளளவும் ஆட்களும்தான்.

2020 ஞாபகம் இருக்கா? கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர் முடக்கம் ஆரம்பிச்சு ஊரே வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்த நேரம். ஏப்ரல் 15 அன்னிக்கு ஸ்டார்ஹப் இணையம் படுத்தது, அடுத்த மாசம் எம்1. ரெண்டு தடவையும் கோளாறு கம்பெனியோட சொந்த வலையமைப்புல. ஐஎம்டிஏ ஸ்டார்ஹப்புக்கு 210,000 வெள்ளி, எம்1க்கு 400,000 வெள்ளி அபராதம் போட்டுச்சு. இழையை மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

வெள்ளிக்கணக்கு
அண்ணே, நீங்க சொன்ன ரெண்டுமே மலிவுக் கம்பெனி இல்லையே! 2016 டிசம்பரில் படுத்ததும் சிங்டெல், அதுக்கு 500,000 வெள்ளி அபராதம். மூணும் இங்க இருக்கிறதிலேயே பெரிய கம்பெனிங்க. கூடக் காசு கொடுத்தா படுக்காதுன்னு யார் எழுதிக் கொடுத்தா? விலையைப் பார்த்துத் தரத்தைக் கணிக்க முடியாதப்போ குறைஞ்ச விலைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம்.

செங்காங் அக்கா
நான் வேற பக்கத்திலிருந்து சொல்றேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கணக்கு எழுதுறது என் வேலை, முழுக்க வீட்டிலிருந்துதான். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் இழை வந்து சேர்ற ஓஎன்டி பெட்டியில் பச்சையா இருக்க வேண்டிய விளக்கு அணைஞ்சு, எல்ஓஎஸ்னு போட்ட விளக்கு சிவப்பா மினுக்க ஆரம்பிச்சது. அதாவது இழை வழியா வெளிச்சமே வரல. போன் பண்ணா ஒரு பதிவுக்குரல், அப்புறம் இசை, அப்புறம் ஒரு பிள்ளை. பெட்டியை அணைச்சுப் போடச் சொல்லுது. சிவப்பு விளக்குன்னு சொல்றேன், திரும்பவும் அணைச்சுப் போடச் சொல்லுது. கடைசியில் வியாழக்கிழமைதான் ஆள் வரும்னு முடிச்சுட்டாங்க. அதுவரைக்கும் கைப்பேசி டேட்டாவில் ஓட்டினேன், மாசக் கடைசி வேற.

வேகம் எனக்கு 500 மெகாபிட் போதும். ஆனா பழுதானா மறுநாள் காலைக்குள்ள ஆள் வரும், வரலைன்னா அந்த மாசக் கட்டணத்தைத் திருப்பித் தர்றோம்னு எழுத்தில் கொடுத்தா, 20 வெள்ளி கூட வச்சு 70 வெள்ளி தரத் தயார். நான் ஏறி இறங்கின கடைகளில் யாரும் அப்படி ஒரு பிளானை வீட்டுக்குக் காட்டல. எல்லாப் பலகையிலும் 3, 5, 10னு எண்தான் பெரிசா இருக்கு.

பொருளியல் மாணவி
அக்கா சொல்றதுக்கு ஆய்விலேயே இடம் இருக்கு. அமெரிக்காவில் 2010இல் அங்குள்ள மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்துக்காக மூணு பொருளியலாளர்கள் வீடுகளில் கேட்டாங்க. நம்பகமான சேவைக்கு மாசம் சுமார் 20 டாலர் கூடத் தருவோம்னு ஜனம் சொல்லுச்சு. மெதுவான இணையத்திலிருந்து வேகமானதுக்கு 45 டாலர். மெதுவானதிலிருந்து அதிவேகத்துக்கு 48 டாலர்தான். வேகத்துக்கும் அதிவேகத்துக்கும் நடுவுல வெறும் 3 டாலர்!

2018இல் லியூ, பிரின்ஸ், வால்ஸ்டன்னு மூணு பேர் இன்னும் நுணுக்கமா பார்த்தாங்க. 4 மெகாபிட்டிலிருந்து 10க்கு ஏற, ஒவ்வொரு மெகாபிட்டுக்கும் 2.34 டாலர் தர மக்கள் தயார். 100லேருந்து 1000க்கு ஏற ஒரு மெகாபிட்டுக்கு 2 சென்ட்தான், மொத்தமே 19 டாலர். ஏற ஏற மதிப்பு சரிஞ்சுடுது. இங்க நாம பேசுறதோ 1000லேருந்து 10,000க்கு.

ஈசூன் எடிட்டர்
அது அமெரிக்கா, மாணவித் தங்கச்சி. அங்க எத்தனையோ ஊர்ல ஒரே ஒரு கம்பெனிதான், அவங்க கேட்கிறதுதான் விலை. இங்க ஒரே இழையில் அரை டஜன் கம்பெனிக்கு மேல போட்டி போடுது. இன்னொண்ணு, கையில் இல்லாத வேகத்துக்கு என்ன தருவீங்கன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. 2014இல் மைரிபப்ளிக் 1 ஜிகாபிட்டை 50 வெள்ளிக்குக் கொண்டுவந்தப்போ, வீட்டுக்கு எதுக்குடா இவ்வளவுன்னு கேட்டாங்க. இன்னிக்கு அதுக்குக் கீழ போங்கன்னா யார் போவாங்க?

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். ஒரு கல்யாணம்னா 200 ஜிபி வரும். மேலே ஏத்துற வேகம் 500 மெகாபிட்னா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், 1 ஜிகாபிட்னா அரை மணிக்குக் கொஞ்சம் கீழே. 10 ஜிகாபிட் கோட்டில் எதிர்முனையும் ஈடுகொடுத்தா டீ போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஜனம் இறக்குற வேகத்தைத்தான் பார்க்குது, ஏத்துற வேகத்தை யாரும் கேட்கிறதில்ல. பிளான்ல 1 ஜிகாபிட்னு போட்டுட்டு ஏத்துறதுக்கு அதில் பாதி தர்றவங்களும் உண்டு. சின்ன எழுத்தில் இருக்கும், படிச்சுப் பாருங்க. எனக்கு வேகமே தொழில். 10 ஜிகாபிட் 30 வெள்ளிக்கு வருதுன்னா அதை ஏன் குறை சொல்லணும்?

உட்லண்ட்ஸ் பெரியவர்
நானும் என் துணைவியாரும் மட்டுமே இருக்கும் நாலறை வீடு. செய்தி பார்க்கிறோம், பழைய பாட்டுக் கேட்கிறோம், பேரனுடன் பேசுகிறோம். 4கே படத்துக்கே 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. ஐந்து தொலைக்காட்சி ஓடினாலும் 75தான். அரசாங்கம் இழைக் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறது. 2028க்குள் ஐந்து லட்சம் வீடுகளுக்கு மேல் அந்த வேகத்துக்கு வர வேண்டும் என்பது இலக்கு. நாட்டுக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு 200 மெகாபிட்டை 15, 20 வெள்ளிக்குக் கொடுத்தால் மனநிறைவோடு எடுத்துக்கொள்வோம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டத்தில் கழிவு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பொருத்தமாக ஒன்றும் கண்ணில் படவில்லை.

நெட்வொர்க்காரன்
ஐயா, 200 மெகாபிட்டா இருந்தாலும் 10 ஜிகாபிட்டா இருந்தாலும் இழை வாடகையும் ஆள் செலவும் பெரிசா மாறாது. அதான் யாரும் கீழே இறங்க மாட்டேங்கிறாங்க. வேகத்தை ஏத்திக் கொடுக்கிறது கம்பெனிக்கு மலிவான காரியம், பெட்டியை மாத்தினா போதும். ஆளைக் கூட்டி வைக்கிறதுதான் செலவு. விளம்பரத்தில் எண் மட்டும் இருக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

எடிட்டர் தம்பி, உங்க தேவை நியாயமானது. ஆனா 10 ஜிகாபிட்னா உங்க ஒரு வீட்டுக்குத் தனியா வர்றது இல்ல. இழையைப் பல கிளையாப் பிரிக்கிற ஒரு பிரிப்பியிலிருந்து (ஸ்ப்ளிட்டர்) பல வீடுகளுக்குப் பங்கு போகுது. முன்னாடி 2 ஜிகாபிட்னு விற்றதில் பல, ரெண்டு 1 ஜிகாபிட் கோடுகள்தான். பொங்கோல் அண்ணே, உங்க மடிக்கணினியில் இருக்கிற போர்ட் 1 ஜிகாபிட்னா என்ன பிளான் போட்டாலும் 940 சொச்சத்துக்கு மேல காட்டாது. கைப்பேசிக்கு வீட்டுக்குள்ள இருக்கிற பாம் ஷெல்டர் அறைச் சுவர் வேற குறுக்கே நிக்கும், கம்பி போட்ட கான்கிரீட் அது.

வெள்ளிக்கணக்கு
அதைத்தானே நானும் சொல்றேன்! வைஃபைதான் பிரச்சினை, மெஷ் வாங்குங்க.

நெட்வொர்க்காரன்
வைஃபையா இருந்தா சீரியலும் நிக்கணும் தம்பி. திருச்சி கால் மட்டும் நிக்குதுன்னா வெளிநாட்டுப் பாதையைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இங்கிருந்து சென்னைக்கு 2002லேயே சிங்டெலும் இந்தியாவோட பார்த்தி கம்பெனியும் சேர்ந்து ஐ2ஐங்கிற கடலடிக் கேபிள் போட்டாச்சு. தூரம் 3,200 கிலோமீட்டர் மட்டில். வெளிச்சம் போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட், வழியில் கருவிகளைச் சேர்த்து 40 சொச்சம் ஆகலாம். ராத்திரியில் அதுக்கு எவ்வளவு மேல போகுதுன்னு பாருங்க. மடிக்கணினியை வயரில் மாட்டி, உள்ளூர் வேகம், சென்னைக்குப் பிங் (போய்த் திரும்புற நேரம்), டிரேஸ்ரூட் (வழியில் எங்கெங்க போகுதுன்னு காட்டுறது) மூணையும் மதியம் ஒருதடவை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒருதடவை எடுங்க.

பொங்கோல்வாசி
எடுத்துட்டேன். ரெண்டு தடவையும் வயரில்தான்.
மதியம்: உள்ளூர் 936 மெகாபிட், சென்னை 43 மில்லிசெகண்ட்.
ராத்திரி 9:30: உள்ளூர் 931, சென்னை 170லேருந்து 210க்குள்ள ஆடுது, நடுவுல சிலது வந்து சேரவே இல்ல. டிரேஸ்ரூட்டில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுற இடத்திலேயே எகிறுது. அம்மாவோட கைப்பேசிக்குப் பதிலா இதே மடிக்கணினியில் திருச்சிக்குக் கால் போட்டேன், அப்பவும் உறையுது. அவங்க அறையில் வைஃபை 70தான் வருது, அது தனிக்கதை.

நெட்வொர்க்காரன்
சந்தேகமே இல்ல, அந்த வெளிவாசல் இணைப்பு ராத்திரியில் நெரியுது. மெஷ் போட்டாலும் போகாது, 3 ஜிகாபிட் போட்டாலும் போகாது.

வெள்ளிக்கணக்கு
ஆனா அண்ணே, கிட்டத்தட்ட 50 வெள்ளி வாங்குற கம்பெனியிலதானே இந்த நெரிசல்? கூடக் கொடுத்த காசு வெளிநாட்டுக் கொள்ளளவுக்குத்தான் போகுதுன்னீங்க. இங்க அது எங்க போச்சு?

செங்காங் அக்கா
அந்தக் கேள்வி சரியான கேள்வி. விலை கூடன்னா தரம் கூடன்னு நம்பச் சொல்றாங்க, ஆனா அந்தத் தரத்தை எந்த எண்ணாலும் காட்டறது இல்ல. வழக்கமா கிடைக்கிற வேகத்தை இணையத்தளத்தில் போடற மாதிரி, சென்னைக்கும் மணிலாவுக்கும் ஷாங்காய்க்கும் ராத்திரி ஒன்பது மணித் தாமதத்தையும், பழுது பார்க்க சராசரியா எத்தனை மணி நேரம் ஆகுதுன்னும் ஒவ்வொரு கம்பெனியும் போடணும்னு ஐஎம்டிஏ கேட்கலாமே. இந்த ஊர்ல பாதி வீட்டுக்காவது வெளிநாட்டில் சொந்தம் இருக்கும். அந்த எண் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அதுக்கு யார் எவ்வளவு கொடுப்பாங்கன்னே தெரியும்.

ஈசூன் எடிட்டர்
அதுக்கு என் ஆதரவு உண்டு. அதோட ஏத்துற வேகத்தையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்க.

பொங்கோல்வாசி
சரி, என் கணக்கைச் சொல்றேன். 3 ஜிகாபிட்டுக்கு ஒரு வெள்ளி கூடத் தர மாட்டேன். 1 ஜிகாபிட்டில், ராத்திரியிலும் சென்னை 60க்குள்ள நிக்கிற கம்பெனிக்கு மாசம் 45 வரைக்கும் தருவேன். அதே எண் 30 வெள்ளிக் கம்பெனியில் வந்தா அங்கேயே போவேன், மிச்சத்துக்கு அம்மா அறைக்கு ஒரு மெஷ் பெட்டி. பார்க்கிற எல்லாரும் ஒன்பதரைக்கு வயரில் அளந்து, பேட்டையும் மாசக் கட்டணமும் சேர்த்து இங்க போடுங்களேன். கையெழுத்துப் போட இன்னும் மூணு வாரம் இருக்கு.

வெள்ளிக்கணக்கு
ஜூரோங் வெஸ்ட், 30 வெள்ளி பிளான், நேத்து ராத்திரி 9:30, வயர்: சென்னை 47.

நெட்வொர்க்காரன்
நல்ல எண் தம்பி. ஆனா செவ்வாய்க்கிழமை ராத்திரி அளந்தது அது. வெள்ளி, சனி ராத்திரியும் அளங்க, இந்தியா ஆடுற கிரிக்கெட் இருக்கிற ஒரு நாளும் அளங்க. அப்பவும் 47னா நானே அண்ணனை அங்க போகச் சொல்றேன்.