டி480 லேப்டாப்பில் 4ஜி கார்டு போட்டேன், 1802 என்று காட்டி நின்றுவிட்டது

ஆனைமலைத்தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப்புக்குள்ளேயே சிம் போட்டு நெட் எடுக்கும் கார்டு பற்றித் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

நான் எஸ்டேட் கணக்கு பார்க்கிறேன். வாரத்தில் 3 நாள் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை பஸ் ஏறுவேன். 40 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போனால் எங்கள் ஆபீஸ், தகரக் கூரை போட்ட பழைய கட்டடம். கேபிள் நெட் கிடையாது. இத்தனை நாளும் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை. போனில் 2 சிம். டேட்டா ஒன்றில், வீட்டு நம்பர் இன்னொன்றில். வீட்டு நம்பருக்கு அழைப்பு வந்து எடுத்தால் போதும், அந்த நொடியே நெட் நின்றுவிடும். போன மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு) தாக்கல் பண்ணிக்கொண்டிருக்கும்போது மாமியார் கூப்பிட்டார். மகனுக்குக் காய்ச்சல், எடுக்காமல் இருக்க முடியாது. பேசி முடித்துப் பார்த்தால் போர்ட்டல் வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போய் முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

என்னுடையது லெனோவோ திங்க்பேட் டி480, பழையதாக வாங்கியது. ஓரத்தில் சிம் தட்டு இருக்கிறது, அதனால் உள்ளே 4ஜி கார்டும் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தேடி ஒரு கடையில் சியரா ஒயர்லெஸ் இஎம்7455 கார்டு வாங்கினேன். "எம்.2 ஸ்லாட் (உள்ளே கார்டு சொருகும் இடம்) இருக்கிற எல்லா லேப்டாப்பிலும் ஓடும்" என்றார்கள். கார்டின் மேல் டெல் என்றும் டிடபிள்யூ5811இ என்றும் ஒட்டியிருக்கிறது. தெரிந்த தம்பி ஒருவர் போட்டுக் கொடுத்தார். ஆன் செய்தால் விண்டோஸ் வரவே இல்லை. கறுப்புத் திரையில் 1802, அங்கீகரிக்கப்படாத நெட்வொர்க் கார்டு, அணைத்துவிட்டுக் கழற்று என்று ஆங்கிலத்தில் வருகிறது. கார்டைக் கழற்றினால் லேப்டாப் பழையபடி ஓடுகிறது.

லேப்டாப் கெட்டுவிட்டதா? கார்டு கெட்டதா? காசு வீண்தானா?

மதுரைப்பட்டறை:

அம்மா, முதல்ல மனசைத் தேத்திக்குங்க. லேப்டாப்பும் கெடலை, கார்டும் கெடலை. நான் 19 வருஷமா லேப்டாப் பார்க்கிறேன், இந்த 1802-ஐ மாசத்துக்கு ஒருத்தராவது கொண்டு வர்றாங்க.

பயாஸ்னா விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டுலயே இருக்கிற மென்பொருள். திங்க்பேட் பயாஸுக்குள்ள ஒரு பட்டியல் இருக்கு. இந்த இந்த கார்டைத்தான் ஏத்துக்கணும்னு. ரேடியோ அனுமதி வாங்கும்போது லேப்டாப்பையும் கார்டையும் சேர்த்துச் சோதிச்சு வாங்குறதால அப்படி வைக்கிறதா சொல்லுவாங்க. ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் ஒரு அடையாள எண் எழுதியிருக்கும். ஆன் ஆகும்போது பயாஸ் அதைக் கேக்கும். உங்க கார்டு டெல் லேப்டாப்புல இருந்து கழட்டினது, டெல் எண்ணைத்தான் சொல்லும். பட்டியல்ல இல்லை, உடனே கதவைச் சாத்திரும். "எல்லாத்துலயும் ஓடும்"னு வித்தவர் சொன்னது தப்பு. திருப்பி வாங்கிக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்க.

பட்டியலை எடுத்துவிட பயாஸை மாத்தி எழுதித் தர்றேன்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. சம்பளக் கணக்கு, வரிக் கணக்கு வச்சிருக்கிற மிஷின் அது. பாதியில கரண்ட் போனா போர்டே போயிரும்.

டி480-க்குன்னு வந்த 4ஜி கார்டு ஃபைபோகாம் எல்850-ஜிஎல். அதுலயும் லெனோவோவோட பாகம் எண் ஸ்டிக்கர் ஒட்டினதாப் பார்த்து வாங்கணும். ஆனா நில்லுங்க, இன்னும் வாங்காதீங்க. கார்டு வாங்குறது கடைசி வேலை. மூடியைத் திறந்து ஆண்டெனா ஒயர் இருக்கான்னு பாக்குறதுதான் முதல் வேலை. இதைப் பாக்காம கார்டு வாங்கி எத்தனை பேர் என் மேஜைக்கு வந்திருக்காங்க தெரியுமா? சிம் தட்டு இருக்கிறதை வச்சு முடிவு பண்ணக்கூடாது. சிலதுல தட்டு இருக்கும், ஒயர் இருக்காது.

எப்படித் திறக்கிறதுன்னு சொல்றேன். சார்ஜரைப் பிடுங்குங்க, பின்னாடி இருக்கிற பேட்டரியைக் கழட்டுங்க. அதோட முடியலை. டி480-ல உள்ளயும் ஒரு பேட்டரி இருக்கு. அதனால மொதல்ல பயாஸுக்குப் போய் கான்ஃபிக், பவர்ல உள்பேட்டரியை டிஸேபிள் பண்ணணும். பண்ணினா மிஷின் தானா அணைஞ்சிரும். அடுத்த தடவை சார்ஜர் சொருகினா பேட்டரி தானா விழிச்சுக்கும். போன தடவை போட்ட தம்பி இதைச் செஞ்சாரான்னு கேளுங்க. கரண்ட் ஓடுறப்ப கார்டை உருவினா ஸ்லாட் கருகுறதுக்கு வாய்ப்பிருக்கு.

மூடி திறந்ததும் காலி ஸ்லாட்டுக்குப் பக்கத்துல தேடுங்க. வைஃபை கார்டுல சாம்பல், கறுப்புன்னு 2 ஒயர் மாட்டியிருக்கும், அதைத் தொடாதீங்க. நமக்கு வேண்டியது சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. சும்மா கிடக்கிற ஒயர்னா நுனியில சின்ன உறை போட்டு மடக்கி ஒட்டியிருப்பாங்க. இருந்தா ஒரு போட்டோ போடுங்க. இல்லைன்னா திரையைப் பிரிச்சு மேல் விளிம்புல ஆண்டெனா ஒட்டி, கீல் வழியா ஒயர் இழுக்கணும். அதை வீட்ல பண்ண வேண்டாம், கடைக்குக் கொண்டு போங்க.

டவர்காரன்:

பட்டறை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் டவர் பராமரிப்பில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அக்கா, உங்கள் லேப்டாப் அந்த இஎம்7455-ஐ ஏற்றுக்கொண்டிருந்தாலும் உங்கள் மலைக்கு அது சரியான கார்டு இல்லை. பேண்டு என்பது சிக்னல் வரும் அலைவரிசைக்கு வைத்த எண். அந்தக் கார்டில் பேண்டு 40 கிடையாது, 28 கிடையாது, 8-ம் கிடையாது. நம் ஊரில் ஜியோ 4ஜி ஓடுவது 5, 3, 40 ஆகிய பேண்டுகளில். அதாவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ். ஏர்டெல் 8, 3, 1, 40. பிஎஸ்என்எல் 4ஜி 28-லும் 1-லும். 700, 850, 900 மாதிரி குறைந்த அலைவரிசைதான் மேடு பள்ளம், மரக்கூட்டம் தாண்டி வரும். அதில் பாதி இல்லாத கார்டை மலைக்குக் கொண்டு போனால் போனில் 4 கோடு இருக்கும்போது லேப்டாப்பில் ஒன்றும் இருக்காது. எல்850-ஜிஎல்-இல் 1, 3, 5, 8, 28, 40, 41 எல்லாமே உண்டு.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். பேண்டு எண் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, நீங்கள் உட்காரும் மேஜையிலேயே வைத்துப் பாருங்கள். எந்த சிம் எந்தப் பேண்டில் நிற்கிறது, பலம் எவ்வளவு என்று தெரியும். பலத்தை மைனஸ் எண்ணில் காட்டும், எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் குறைவு. மைனஸ் 95 என்றால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். மைனஸ் 115-ஐத் தாண்டினால் எந்தக் கார்டு போட்டும் பயனில்லை. தகரக் கூரை அலையைத் தடுக்கும், ஜன்னலோரம் ஒருமுறை, மேஜையில் ஒருமுறை பாருங்கள்.

ஆனைமலைத்தூறல்:

இரண்டு பேருக்கும் நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தோம். உள்பேட்டரியை முதலில் அணைத்தோம், போன தடவை தம்பி அதைச் செய்யவில்லையாம். சிவப்பும் நீலமும் இருந்தன! நீங்கள் சொன்ன மாதிரியே நுனியில் உறை போட்டு ஓரமாக ஒட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேஜையில் வைத்துப் பார்த்ததில் ஒரு சிம் மைனஸ் 113, ஜியோ பேண்டு 5-ல் மைனஸ் 101. ஜன்னலோரம் அதுவே மைனஸ் 94. அதனால் ஜியோ சிம் ஒன்று புதிதாக வாங்கி, போனில் போட்டு உயிர்ப்பித்த பிறகே லேப்டாப்பில் மாற்றினேன். கடைக்காரர் டெல் கார்டைத் திருப்பி எடுக்கவில்லை. லெனோவோ ஸ்டிக்கர் உள்ள எல்850-ஜிஎல் வேறு இடத்தில் கிடைத்தது.

மாட்டும்போது சிரமமாக இருந்தது அந்த ஒயர் நுனிதான். கடுகு அளவு வட்டம். கார்டில் உள்ள குமிழ் அதைவிடச் சிறியது. கை நடுங்கி 2 தடவை நழுவிவிட்டது. 1802 வரவில்லை, விண்டோஸ் 10 நேராகத் திறந்தது. நெட்வொர்க் செட்டிங்ஸில் செல்லுலார் என்று புதிதாக வந்திருக்கிறது. ஜியோ 4ஜி என்று பெயர் காட்டுகிறது, ஆனால் ஒரே ஒரு கோடு. ஜன்னலோரத்திலும் அதே. "இணைக்கப்பட்டது" என்று சொல்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நாளை மறுநாள் மேலே போக வேண்டும்.

மதுரைப்பட்டறை:

பாதிக் கிணறு தாண்டிட்டீங்க. ரெண்டு தனித்தனி விஷயம் இது.

ஒரு கோடுன்னா ஒயர் சரியா உக்காரலை. திரும்ப பேட்டரியை அணைச்சுத் திறங்க. சிவப்பு ஒயர் மெயின், கார்டுல எம் எழுத்துப் பக்கம். நீலம் இன்னொண்ணுல. நுனியைக் குமிழுக்கு நேர் மேல வச்சு, உலோகம் இல்லாத ஏதாவது மழுங்கின முனையால நடுவுல அழுத்துங்க. நான் பழைய டூத் பிரஷ் காம்பைச் சீவி வச்சிருக்கேன், அதுதான். சாய்ஞ்சிருக்கிறப்ப அழுத்தாதீங்க, வளையம் விரிஞ்சு போயிரும். சரியா உக்காந்தா விரலுக்கு ஒரு சின்ன "டிக்" தெரியும். அதுக்கப்புறம் நுனியை லேசா சுத்திப் பாருங்க, கழலாம சுத்தணும். சும்மா சும்மா கழட்டி மாட்டாதீங்க, இந்த மாதிரி நுனிக்கு ஏறக்குறைய 30 தடவைதான் கணக்கு. ஒயரை மூடியோட திருகு ஓட்டைக்கு மேல போகவிடாதீங்க, மூடுறப்ப நசுங்கும்.

பக்கம் திறக்காததுக்குக் காரணம் ஏபிஎன், அதாவது சிம் கம்பெனியோட நெட்டுக்குள்ள போற வாசல் பேரு. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், செல்லுலார், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்க ஏபிஎன் சேர்க்கிற இடத்துல ஜியோநெட்னு ஆங்கிலச் சின்ன எழுத்துல, இடைவெளி விடாம அடிங்க. யூசர் பேரு, பாஸ்வேர்டு காலியா இருக்கட்டும். ஐபி (நெட் முகவரி) வகையில பழைய வகை, புது வகை ரெண்டும் சேர்ந்த ஐபிவி4வி6 தேர்ந்தெடுங்க, ஜியோவுக்கு இது முக்கியம். ஐபிவி4 மட்டும்னு விட்டா கோடெல்லாம் இருக்கும், பக்கம் வராது. சேவ் பண்ணிட்டு எஃப்8 தட்டி ஏர்பிளேன் மோடு ஒரு தடவை போட்டு எடுங்க.

அப்படியும் வரலைன்னா லெனோவோ தளத்துல டி480 பக்கத்துலயே இந்தக் கார்டுக்கு டிரைவர் இருக்கு, அதை மட்டும் போடுங்க. வேற எங்கயும் எடுக்காதீங்க.

கட்டளைக்கோடு:

இந்த இழையைப் பின்னால் படிக்கும் லினக்ஸ்காரர்களுக்காக. டி480-ல் எல்850-ஜிஎல் போர்டோடு பேசுவது யூஎஸ்பி வழியாக அல்ல, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு வழியாக. பழைய உபுண்டுவில் (லினக்ஸ் வகை ஒன்று) சிம் கார்டுகளை இயக்கும் மோடம் மேனேஜர் இதைப் பார்க்கவே பார்க்காது, தன்னார்வலர்கள் எழுதிய தனி டிரைவர் தொகுக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்றால், யூஎஸ்பி வழியாகப் பேசும் கார்டை ஏற்கும் லேப்டாப்பாகப் பாருங்கள். அக்கா விண்டோஸ் என்பதால் கவலை வேண்டாம்.

ஆனைமலைத்தூறல்:

வால்பாறையிலிருந்தே எழுதுகிறேன், அந்தக் கார்டு வழியாகவே!

சிவப்பு ஒயர்தான் உட்காரவில்லை. என் மகனின் பழைய பிரஷ் காம்பைச் சீவி அழுத்தினேன். அந்த "டிக்" விரலில் தெரிந்தது. ஒரு கோடு 4 ஆனது. ஜியோநெட் அடித்து, ஐபிவி4வி6 மாற்றி, எஃப்8 தட்டி எடுத்தேன். 10 விநாடிகூட ஆகவில்லை, போர்ட்டல் திறந்துவிட்டது. விண்டோஸ் இதை அளவுள்ள இணைப்பு (மீட்டர்டு கனெக்‌ஷன்) என்று தானே எடுத்துக்கொண்டதால் அப்டேட் இறங்கி டேட்டாவைத் தின்னவும் இல்லை.

மேஜையை ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். காலையில் 43 பேருடைய பிஎஃப் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மகன்தான், கணக்கில் ஒரு சந்தேகம். 11 நிமிடம் பேசினேன், திரையில் ஏற்றம் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணா, தம்பி, உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த டெல் கார்டு மட்டும் கையில் இருக்கிறது. யாருக்காவது பயன்படுமா?

கட்டளைக்கோடு:

என்னிடம் டெல் லாட்டிட்யூட் 7490 இருக்கிறது, ஆண்டெனா ஒயரோடு. யூஎஸ்பி கார்டு என்பதால் எனக்கு இதுதான் வேண்டும். நான் இருப்பது கோவை நகருக்குள், ஜியோ பேண்டு 3 நன்றாகவே கிடைக்கிறது, 40 இல்லாவிட்டாலும் சமாளிப்பேன். நீங்கள் கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் அக்கா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மதுரைப்பட்டறை:

வாங்கினதும் ஒண்ணு பாருங்க தம்பி. லினக்ஸ்ல அந்தக் கார்டு பூட்டோட வரும், எஃப்சிசி பூட்டு, அதாவது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைய விதிக்காக ரேடியோவை அடைச்சு வைக்கிறது. மோடம் மேனேஜர் கூடவே திறக்கிற ஸ்கிரிப்ட் வருது, ஆனா உங்க கார்டுக்கு இருக்கான்னு பார்த்து அதை நீங்கதான் இயக்கி வைக்கணும். இல்லைன்னா கார்டு தெரியும், சிம் தெரியும், ரேடியோ மட்டும் ஆன் ஆகாது. அப்புறம் கார்டு செத்துப்போச்சுன்னு அந்த அம்மாகிட்ட போய் நிக்காதீங்க.