பிளஸ் ஒன் மைட்டாசிஸ் பாடத்துக்கு ஸ்டாப் மோஷன்: படம் துடிக்கிறது, பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள்

தாவரவியல்_பிளஸ்ஒன்:
40 பேர், 4 போன், 45 நிமிடப் பீரியட். கம்பளி நூலில் குரோமோசோம் செய்து, மைட்டாசிஸ் என்ற செல் பகுப்பை, பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுத்து ஓட்டும் ஸ்டாப் மோஷன் ஆப்பில் எடுக்கிறோம். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் கூடிக் குறைகிறது, நூல் தானாக நகர்ந்திருக்கிறது. ஒரு குழுவில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். முழு மைட்டாசிஸும் ஒரே பீரியடில் முடியுமா?

கேமரா_மேசை:
வெளிச்சம் துடிப்பதற்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தைப் புதிதாக அளந்துகொள்கிறது. ஆப் செட்டிங்கில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். ஜன்னல் பக்கம் வேண்டாம். மேகம் வந்து போனாலே படம் மாறிவிடும். வெள்ளைச் சட்டை யூனிஃபார்மும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் பிள்ளைகள் எப்போதும் ஒரே பக்கமாக உட்காரட்டும்.

இரண்டு புத்தக அடுக்கு, நடுவே இடைவெளி விட்டு இரண்டு மர ஸ்கேல், மேலே போன் குப்புற. ஒரு அடி உயரம் ஏ4 தாளுக்குப் போதும். டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். திரையைத் தொட்டு எடுத்தால் ஆடும். ஆப்பிலேயே டைமர் இருந்தால் 8 நொடி வையுங்கள். நூலை நகர்த்துவது ஃபேன் காற்றுதான். நூலுக்குப் பதில் விளையாட்டுக் களிமண் திரி உருட்டினால் ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை.

செல்_பாடம்:
ஒரே குழு முழுவதையும் எடுக்க முடியாது மேடம். நொடிக்கு 10 படம் என்றால் 15 நொடிக்கு 150 படம். குழுவுக்கு ஒரு நிலை கொடுங்கள்: புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். குழுவுக்கு 30 முதல் 40 படம். ஒரு குழுவின் கடைசிப் படமும் அடுத்த குழுவின் முதல் படமும் பொருந்த வேண்டும் என்பதால், அந்த மூன்று இணைப்பு நிலைகளை முதலில் கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். 4 குரோமோசோம் போதும்: இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒவ்வொன்றிலும் இரண்டு திரி, சேரும் இடத்தில் ஒரு மணி.

ஒரு தடவைக்கு 3 மி.மீ. நகர்த்தினால் ஓட்டம் சீராக இருக்கும். மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் செல்லின் நடுத்தளத்தில் வந்து நின்றதும் எதையும் தொடாமல் 10 படம். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் நிலையே கண்ணில் படாது.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது அனாஃபேஸில். திரியை நேராக இழுப்பார்கள், அல்லது நுனியை முன்னால் விட்டு இழுப்பார்கள். மணி வைத்த இடமான சென்ட்ரோமியர்தான் முன்னே போகும், திரியின் கைகள் பின்னால் இழுபடும். அதனால்தான் ‘வி’ வடிவம். புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தவர்களுக்குக்கூட எந்தப் பக்கம் முன்னால் என்பது கையால் நகர்த்தும்போதுதான் கேள்வியாக எழும். இந்தப் பாடத்துக்கு ஸ்டாப் மோஷன் பொருந்துவதே அதற்காகத்தான்.

குழு_வேலை:
10 பேரில் நகர்த்த நான்கு பேர், ஆளுக்கு ஒரு குரோமோசோம். ஒருவர் போன், ஒருவர் எண்ணிக்கை, ஒருவர் “கை எடு” சொல்ல, மூவர் புத்தகத்தோடு ஒப்பிட்டு நிறுத்தும் அதிகாரத்தோடு. 10 படத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். குரல் பதிவை அன்றே வைக்காதீர்கள், வகுப்புச் சத்தம்தான் பதிவாகும். அடுத்த பீரியடில் நான்கையும் சேர்த்து ஓட்டி, அனாஃபேஸ் முடிவில் நிறுத்தி, ஒவ்வொரு துருவத்திலும் (செல்லின் முனையிலும்) எத்தனை குரோமோசோம் என்று எண்ணச் சொல்லுங்கள். 4 வராவிட்டால் எந்தப் படத்தில் தொலைந்தது என்று அவர்களே பின்னோக்கி நகர்த்தித் தேடட்டும்.