சிம்கோ ஏரிக்குப் பழைய விண்ட்சர்ஃப் பலகை: 200 டாலரா, 750 டாலரா?

புதுப்பாய்

வணக்கம். ஒண்டாரியோவில் பேரி நகரத்தில் இருக்கிறேன். வயது 41, எடை 82 கிலோ. போன கோடையில் இரண்டு வகுப்புக்குப் போய் விண்ட்சர்ஃபிங் பழகினேன். பலகையில் நின்று பாயைத் தூக்கவும், நேராகப் போய்த் திரும்பி வரவும் முடிகிறது. காற்று கொஞ்சம் கூடினால் விழுந்துவிடுகிறேன். இந்த வருஷம் சொந்தமாக வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் சிம்கோ ஏரியின் கெம்பென்ஃபெல்ட் விரிகுடாவில் இறங்க ஆசை. 800 டாலருக்கு மேல் முடியாது. பழைய பொருள் விற்கும் கிஜிஜி இணையதளத்தில் இரண்டு விளம்பரம் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: 1980களின் கடைசியில் வந்த நீளப் பலகை. 3.7 மீட்டர், சுமார் 220 லிட்டர். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் டாகர்போர்டு என்ற தகடு இருக்கிறது. 6.3 சதுர மீட்டர் பாய், கண்ணாடி இழை பாய்மரம், கயிற்றால் கட்டும் பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி). எல்லாம் சேர்த்து 200 டாலர்.

இரண்டு: 2013 மாடல் ஃப்ரீரைடு பலகை, 118 லிட்டர், டாகர்போர்டு கிடையாது. 5.8, 7.0 என்று இரண்டு பாய், கார்பன் கலந்த 430 செ.மீ. பாய்மரம், கவ்விப் பூட்டும் பூம். 750 டாலர். புதிதாகப் பழகுபவருக்கும் ஏற்றது, பல வருஷம் மாற்றவே வேண்டாம் என்று விற்பவர் சொல்கிறார்.

எது சரி?

சோளகம்

தம்பி, முதலாவதை வாங்குங்கள். இரண்டாவது பக்கம் போகவே வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எடை 82. அந்தச் சின்னப் பலகை ஒரு 8 கிலோ. பாய், பாய்மரம், பூம் எல்லாம் சேர்ந்து 9 கிலோ. நனைந்த வெட்சூட்டும் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மிதவை அங்கியும் 4 கிலோ. மொத்தம் 103. லிட்டருக்கு ஒரு கிலோ என்று பலகை தாங்குவது 118. மிச்சம் 15 லிட்டர் மிதப்பில் நின்றுகொண்டு, தண்ணீரில் கிடக்கும் பாயைத் தூக்க வேண்டும். ஒரு கால் அரை அடி தள்ளிப்போனால் பலகை கவிழும். நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு அது அருமையான பலகைதான். பழகுபவனுக்கு உடல் எடையோடு இன்னும் 100 லிட்டராவது கூட வேண்டும். 82 கிலோ என்றால் 180 லிட்டருக்குக் குறையக் கூடாது.

அதைவிடப் பெரிய காரணம் டாகர்போர்டு. பாயில் படும் காற்று பலகையை முன்னால் மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். வால் பக்கத்து அடியில் நீட்டியிருக்கும் சின்னத் தகடான ஃபின் வேகம் பிடித்த பிறகுதான் அந்தத் தள்ளலைத் தாங்கும். மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் தாங்குவது டாகர்போர்டுதான். அது இல்லாவிட்டால் பழகுபவர் காற்றுக்கு எதிர்த்திசையில் ஏறி வருவது மிகவும் கஷ்டம்.

இப்போது உங்கள் கரையைப் பாருங்கள். பேரி இருப்பது விரிகுடாவின் மேற்கு முனையில். இங்கே அதிகம் வீசுவது மேற்குக் காற்று, எங்கள் ஊரில் சொல்கிற கச்சான். அது கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இருக்காது, பார்க்கக் குளம் மாதிரித் தெரியும், ஆசையாக இறங்கத் தோன்றும். ஐந்நூறு மீட்டர் தாண்டியதும்தான் காற்றின் பலம் தெரியும். உங்களுக்குப் பின்னால் பதினாலு, பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு விரிகுடா, அதற்கும் அப்பால் பெரிய ஏரி. டாகர்போர்டு இல்லாமல் எப்படித் திரும்பி வருவீர்கள்?

கார்பன்மரம்

சோளகம் அண்ணா சொன்ன மிதப்புக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 200 டாலர் செட்டை வாங்கச் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனாலேயே இரண்டு வருஷம் விட்டுவிட்டேன்.

எனக்குக் கிடைத்ததும் அதே காலத்துச் சாமான். பூமைப் பாய்மரத்தோடு கயிற்றால் கட்ட வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் அரை மணி நேரத்தில் தளர்ந்து கீழே சரியும். ஒரு நாள் நடு ஏரியில் முட்டிவரை இறங்கிவிட்டது. பாயைச் சுருட்டிப் பலகை மேல் போட்டு, குப்புறப் படுத்துக் கையால் துழாவிக் கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பாய் வெறும் துணி. காற்றில் உப்பிய மூட்டை மாதிரி ஆகி, இழுவை முழுக்கப் பின்கைக்கே வரும். எனக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பரின் புதுக்காலப் பாயைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தப்பு என்மேல் இல்லை என்று தெரிந்தது.

பழைய நீளப் பலகைகள் அகலமும் குறைவு, 65 செ.மீ. இருந்தால் பெரிது. பக்கவாட்டில் நன்றாக ஆடும். 2000க்குப் பிறகு வந்த பயிற்சிப் பலகைகள் 80, 90 செ.மீ. அகலம். மேலே மெத்து ரப்பர், முழங்கால் தோல் உரியாது. நீளம் குறைவு, காரில் ஏற்றுவதும் லேசு. காலம் மாறியதற்குக் காரணம் இருக்கிறது.

சோளகம்

காலம் மாறியது உண்மை. அதற்காகப் பழையதெல்லாம் குப்பை என்று ஆகாது. 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடியது மிஸ்ட்ரல் ஒன் டிசைன், 3.72 மீட்டர் நீளம், டாகர்போர்டு உள்ளது. 1996இல் ஹாங்காங்கின் லீ லாய்-ஷான் தங்கம் வென்றது அதில்தான். அதற்குப் பிறகு வந்த ஆர்.எஸ்.எக்ஸ். பலகையிலும் டாகர்போர்டு உண்டு. காற்று குறைந்த நாளிலும் பந்தயம் நடத்தியாக வேண்டும் என்பதால் அப்படி வைத்தார்கள். கோடையில் சிம்கோவில் பாதி நாள் 10 முதல் 18 கி.மீ. வேகக் காற்றுதான். அதில் சின்னப் பலகை சறுக்கி ஓடாது, நீர் உழும். நீளப் பலகை அந்தக் காற்றிலும் அமைதியாக வெட்டிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தின் சுகம் தனி.

கார்பன்மரம்

லீ லாய்-ஷான் ஒலிம்பிக் வீராங்கனை. புதுப்பாய் இரண்டு வகுப்பு போனவர். குறுகிய பலகையில் அவர் நிற்பாரா என்பதுதான் கேள்வி.

டாகர்போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உள்ள அகலப் பலகைகளும் பழையதாகக் கிடைக்கின்றன. ஸ்டார்போர்டு ரியோ ஒன்று. பிக் டெக்னோ 293 இன்னொன்று: 293 செ.மீ. நீளம், 79 செ.மீ. அகலம், 205 லிட்டர். 2010, 2014 இளையோர் ஒலிம்பிக்கில் பிள்ளைகள் ஓட்டியது அதைத்தான். காத்திருந்து அப்படி ஒன்றைப் பிடிக்கட்டும். அகலமாக இருக்கிறதே என்று மட்டும் நம்ப வேண்டாம், சில அகலப் பலகைகளில் டாகர்போர்டு கிடையாது. கவிழ்த்துப் போட்டு நடுவில் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குவெல்ஃப் குருவி

நீங்கள் இருவரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது பாய்.

என் எடை 54 கிலோ. குவெல்ஃப் ஏரியில் பழகினேன். சுற்றிலும் மரங்கள், காற்று விட்டு விட்டு வரும், திசையும் நிலையில்லை. பழைய நீளப் பலகை, 6.0 பாய், 460 கண்ணாடி இழைப் பாய்மரம். பாய் விழுந்ததும் மரத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதைத் தூக்குவது நனைந்த ஜமுக்காளத்தைக் கிணற்றிலிருந்து இழுப்பது மாதிரி. பத்தாவது தடவை தூக்கும்போது இடுப்பு போய்விடும், அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் பலகையை மாற்றவில்லை. 4.7 பாயும், ஒல்லியான கார்பன் மரமும் பழையதாக வாங்கினேன். கண்ணாடி இழை மரத்துக்கும் இதற்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த எடை உயரத்தில் இருக்கிறது, நாம் பிடித்திருப்பது அடியில். அதே பலகை, அதே ஏரி, ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்கினேன். ஜூலைக்குள் திரும்பக் கற்றுக்கொண்டேன்.

எனவே புதுப்பாய்க்கு என் யோசனை: முதலாவது பலகையை எடுங்கள், அதோடு வரும் பாயை மறந்துவிடுங்கள். மிச்சக் காசில் 5.5 அளவில், பதினைந்து வருஷத்துக்கு உட்பட்ட பாய் தேடுங்கள். பாயின் அடியில் எழுதியிருக்கும் மரத்தின் நீளத்தைப் பார்த்து அதே மரத்தை வாங்குங்கள். 430 கேட்கும் பாயில் 460ஐச் சொருகினால் வடிவமே வராது.

கார்பன்மரம்

குருவி சொல்வது நல்ல யோசனை, ஒரு சிக்கலைத் தவிர. பழைய பலகைகளில் பாய்மரத்தின் அடிப்பூட்டு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. இப்போதையது ஒரே திருகில் எந்தப் பலகையிலும் இறங்கும். பழையதில் சொந்த அச்சில் செய்த பிளாஸ்டிக் முளை இருக்கும், அது தொலைந்தால் பலகை வெறும் மிதவைதான். புதுப் பாயை அதில் எப்படிப் பூட்டுவார்?

சோளகம்

இது நியாயமான கேள்வி. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி, பார்க்கப் போகும்போது முதலில் அந்தப் பூட்டைப் பாருங்கள். நடுவில் வளையும் ரப்பர் இணைப்பை மடக்கிப் பாருங்கள், இடுக்கில் வெடிப்பு இருந்தால் அதோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பலகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது.

பிறகு பலகை. நிற்கும் இடத்தையும், பாய்மரத்தின் அடி பூட்டப்படும் தடத்தின் ஓரங்களையும், ஃபின் பெட்டியைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே மேல்தோல் விட்டுப்போய்விட்டது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், டக் டக் என்பது எங்கேயாவது மொத்தமான சத்தமாக மாறினால் அங்கே நில்லுங்கள். வீட்டுத் தராசைக் கொண்டுபோங்கள். முதலில் நீங்கள் மட்டும், பிறகு பலகையோடு. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பலகை 18, 20 கிலோ இருக்கும், அது இயல்பு. 25 காட்டினால் உள்ளே நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. அது காயாது, எவ்வளவு வெயிலில் வைத்தாலும்.

டாகர்போர்டைக் காலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இறுகியிருந்தால் மணலாக இருக்கலாம், கழுவினால் போகும். வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

குவெல்ஃப் குருவி

பாய்க்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும் தாளைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பால் நிறமாகிப் படபடவென்று முறியும் சத்தம் வந்தால் வெயிலில் கெட்டுவிட்டது, முதல் பெரிய விழுதலில் உங்கள் முழங்கால் அதற்குள் போய்விடும். சின்னக் கிழிசல் பரவாயில்லை, அதற்கு ஒட்டும் பட்டை கிடைக்கிறது. இரண்டு துண்டு மரமாக இருந்தால் இணையும் இடத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கேதான் விரிசல் ஒளிந்திருக்கும்.

புதுப்பாய்

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், விற்பவர் பொறுமையாக இருந்தார்.

பலகை 19 கிலோ. எங்கும் அமுங்கவில்லை. டாகர்போர்டு கொஞ்சம் இறுக்கம், ஆனால் நேராக இருக்கிறது. பிரச்சினை கார்பன்மரம் சொன்ன இடத்திலேயே. ரப்பர் இணைப்பில் சுற்றி வெடிப்பு, அடியில் பழைய மாதிரி முளை. ஆனால் பாய்மரத் தடம் தனியாகக் கழற்றக்கூடியது, இரண்டு திருகுதான். பாய் மடித்த இடமெல்லாம் உடைகிறது. பலகை மட்டும் என்றால் 100 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கார்பன்மரம்

தடம் கழன்று வந்தால் வேறு தடம் பொருத்த வாய்ப்பு உண்டு. அந்தப் பள்ளத்தின் நீளம், அகலம், திருகுக்கு நடுவேயுள்ள தூரம் மூன்றையும் அளந்து போடுங்கள். என்னிடம் ஒரு பழைய தடம் கிடக்கிறது, ஒத்துப்போனால் தருகிறேன். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பலகையை வாங்காதீர்கள், 100 டாலருக்கும் வேண்டாம். அகலப் பலகைக்குக் காத்திருப்பதே நல்லது என்றுதான் இப்போதும் சொல்வேன். பாய் விஷயத்தில் குருவி சொன்னதை முழுக்க ஏற்கிறேன்.

சோளகம்

அகலப் பலகை கிடைத்தால் நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக ஒரு கோடை முழுவதும் கரையில் உட்காரக் கூடாது. இங்கே கோடையே நாலு மாதம்.

எதை எடுத்தாலும் முதல் பத்து நாளுக்கு மேற்குக் காற்றில் பேரியில் இறங்க வேண்டாம். கிழக்குக் காற்று நாளைப் பாருங்கள், விழுந்தாலும் அது உங்களைப் பேரிக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். மிதவை அங்கியைக் கழற்றாதீர்கள், விசில் கழுத்தில் இருக்கட்டும். ஏப்ரலில் பனிக்கட்டி போய்விட்டது என்று நம்பி இறங்காதீர்கள், மே கடைசியிலும் அந்தத் தண்ணீர் விரலை மரத்துப்போகச் செய்யும். பாய் பிடிக்கும் கை மரத்துப்போனால் எல்லாம் முடிந்தது.

குவெல்ஃப் குருவி

தெற்கே குக்ஸ் விரிகுடாவுக்குப் போவதாக இருந்தால் பாசிக்கென்று பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஆழம் குறைவு, நீர்ச்செடி ஃபினில் சுற்றிக்கொண்டு பலகையை நிறுத்திவிடும். டாகர்போர்டு பிளவுக்குள்ளும் சிக்கும். கரையேறியதும் அதையெல்லாம் பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டு, தண்ணீரை வடித்த பிறகு காரில் ஏற்றுங்கள். படகுக்காரர்களுக்கு 2022 முதல் ஒண்டாரியோவில் இது சட்டம், வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஏரிக்கு ஏரி பரவாமல் இருப்பதற்காக. அந்தச் சிப்பி காலைக் கிழிக்கும், செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

புதுப்பாய்

அளந்துவிட்டு வந்தேன். பள்ளம் 34 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், திருகுக்குத் திருகு 31 செ.மீ. கார்பன்மரம் அண்ணா, உங்களிடம் இருப்பது எவ்வளவு?