86-க்கு பி1, 80-க்கு ஏ2: சிபிஎஸ்இ கிரேடும் பொறியியல் கட் ஆஃபும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

கேள்வி (பெரம்பூர்):

என் மகள் இங்கே ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வில் 51, செய்முறையில் 29, ஆக 80 என்று போட்டுப் பக்கத்தில் ஏ2 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கணினி அறிவியலில் 86 பெற்றிருந்தும் பி1 என்றே இருக்கிறது. கூடுதல் மதிப்பெண்ணுக்குக் குறைந்த கிரேடு எப்படி வரும், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்று வீட்டில் எல்லோரும் குழம்பிப் போயிருக்கிறோம். திருவொற்றியூரில் இருக்கும் என் தங்கை மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். அவனுடைய பட்டியலில் கிரேடே இல்லை. இருவரும் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள். மகளின் மதிப்பெண்ணை அங்கே நார்மலைஸ் செய்வார்கள், அதாவது வேறு வாரிய மதிப்பெண்களோடு சமன் செய்வார்கள் என்று வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள். இந்த பி1 அவளுக்குப் பாதகமாகுமா?

பதில் 1 (தண்டையார்பேட்டை, ஆசிரியர்):

ஐயா, அது பிழை இல்லை. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு கிரேடுக்கு 91 முதல் 100 வரை ஏ1 என்பது போன்ற நிலையான எல்லை எதுவும் கிடையாது. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, எட்டுச் சம பங்காகப் பிரித்து, முதல் பங்குக்கு ஏ1, அடுத்ததற்கு ஏ2, பிறகு பி1, பி2 என்று டி2 வரை கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் இயற்பியலில் இரண்டாவது பங்கிலும் கணினி அறிவியலில் மூன்றாவது பங்கிலும் நிற்கிறாள். கணினி அறிவியல் எழுதியவர்களில் பலர் 90-க்கு மேல் வாங்கிவிட்டால், 86 தானாகவே கீழே இறங்கிவிடும். அதனால் அவள் எழுதிய விடைத்தாளின் தரம் குறைந்துவிடுவதில்லை.

பங்கு பிரிக்கும் கோடு ஒரே மதிப்பெண் பெற்ற கூட்டத்தின் நடுவே விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு கிரேடு தரக் கூடாது என்பதால், கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எந்தப் பகுதியில் ஆட்கள் குறைவோ அந்தப் பகுதியைப் பெரிய பகுதியோடு சேர்த்துவிடுவார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 500-க்கும் குறைவாக உள்ள சிறிய பாடங்களுக்கு, அதை ஒத்த வேறு பாடத்தின் கிரேடு அமைப்பைப் பின்பற்றுவார்கள். கிரேடைப் பார்த்து மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். விடைத்தாளில் திருத்தம் தவறியிருக்கிறது என்று தோன்றினால் மட்டும் கட்டுங்கள்.

பதில் 2 (கொடுங்கையூர்):

பொறியியல் கலந்தாய்வில் கிரேடை யாரும் பார்ப்பதில்லை. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று 200-க்குத்தான் கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண். மகளின் கணினி அறிவியல் மதிப்பெண் இந்த 200-க்குள் வருவதே இல்லை.

நார்மலைஸ் செய்வது உண்மைதான். நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, மற்ற வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்றால், இரண்டையும் 100 என்றே கொண்டு, அந்த மற்ற வாரியத்தில் 60 வாங்கியவருக்கு, 60-ஐ 100/90-ஆல் பெருக்கி 66.66 என்று கணக்கிடுவார்கள். ஆனால் இரண்டு வாரியங்களிலும் யாராவது ஒருவர் 100 வாங்கிவிட்டால் பெருக்கும் எண் 1 ஆகிவிடும். உங்கள் மகளின் 80 அப்படியே 80-ஆக நின்று, கட் ஆஃபில் 40-ஆகச் சேரும். சிபிஎஸ்இ முதல் மதிப்பெண் 99-ஆக இருந்தால்கூட 80.80 ஆகி, கட் ஆஃபில் 0.40 மட்டுமே கூடும். லட்சக்கணக்கான மாணவர்களின் மதிப்பெண்களைச் சமன் செய்வதற்கு முதலிடத்தில் இருக்கும் ஒரே ஒருவரை அளவுகோலாக வைப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வாரியங்களின் சராசரியோ, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோ இந்தச் சூத்திரத்துக்குள் வருவதே இல்லை. பொறியியல் முதுநிலைப் படிப்புக்காகப் பல வேளைகளில் நடத்தும் கேட் (GATE) தேர்வில், முதல் 0.1 சதவீதத்தினரின் சராசரியையும், மொத்தச் சராசரியோடு திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவை) கூட்டிய எண்ணையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மகள் ஜேஇஇ மெயின் என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறாள். அதில் வரும் பர்சென்டைலும் இந்த எட்டுப் பங்கு முறையைப் போன்றதுதானா?

பதில் 3 (ராயபுரம்):

அடிப்படை ஒன்றுதான் சார், ஆனால் மிக நுணுக்கமாகச் செய்கிறார்கள். 2019 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. தேர்வு பல ஷிப்டுகளில், வெவ்வேறு வினாத்தாள்களோடு நடக்கும். அவள் எழுதிய அதே ஷிப்டில் அவளுக்குச் சமமாகவோ குறைவாகவோ வாங்கியவர்களின் எண்ணிக்கையை, அந்த ஷிப்டில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் பர்சென்டைல் வரும். உதாரணமாக ஒரு லட்சம் பேர் எழுதி, 97,000 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால் 97. பலருக்கு ஒரே எண் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏழு தசம இடம் வரை கணக்கிடுகிறார்கள். வினாத்தாள் கடினமாக இருந்த ஷிப்டில் எல்லோருக்குமே மதிப்பெண் குறையும் என்பதால் அவளுடைய இடம் பெரிதாக மாறாது. ஒவ்வொரு ஷிப்டிலும் ஏறக்குறைய ஒரே திறமையுள்ள கூட்டம் இருந்தால்தான் இது நியாயமாக அமையும். ஷிப்டை மாணவர்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் கலைத்துப் போடுவது அதற்காகவே. சிபிஎஸ்இ மாணவர்களையும் மாநில வாரிய மாணவர்களையும் யாரும் அப்படிக் கலைத்துப் பிரித்ததில்லை என்பதால், கட் ஆஃபுக்கும் பர்சென்டைல் முறையே போதும் என்று சொல்லிவிட முடியாது.

பதில் 1 எழுதியவர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கட் ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும், பிறகு இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் தரவரிசையில் முன்பின் வைப்பார்கள். ஆகவே அந்த எழுத்துத் தேர்வு 51-இல் ஐயம் இருந்தால், கடைசித் தேதிக்கு முன்பே விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்கி, கூட்டலைச் சரிபார்த்துவிடுங்கள்.