பள்ளி மறுபடி மூடினால் ஆசிரியர்கள் மனநலத்துக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி: தலைமையாசிரியர்_கரூர்

வணக்கம். 26 ஆசிரியர்கள் உள்ள நிதியுதவி மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு பக்கத் திட்டத் தாள் தயாரிக்கிறோம். கொரோனா போல இன்னொன்று வந்து பள்ளி மூடினால், ஆசிரியர்கள் மனம் உடையாமல் இருக்க முதல் வாரத்திலேயே என்ன செய்யவேண்டும் என்பதற்கான தாள்.

2020 மார்ச்சில் மூடினோம். 2021 ஜனவரி 19-ல் 10, 12-க்கும், பிறகு 9, 11-க்கும் திறந்தோம். மார்ச் 22 முதல் 9, 10, 11-க்கு மறுபடி பூட்டு. செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை, நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகள். 2022 ஜனவரியில் மூடி, பிப்ரவரி 1-ல் திறப்பு. இந்தத் திறப்பும் மூடலுமே ஆளைத் தின்றது. அப்போது நடந்ததெல்லாம் இணையவழிக் கருத்தரங்கும் மூச்சுப் பயிற்சியும்தான். செய்து பார்க்கக்கூடிய வேலையாகச் சொல்லுங்கள். யாருக்கு உண்மையிலேயே சிகிச்சை வேண்டும் என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதும் தெரியவேண்டும்.

பதில் 1: கணக்கு_டீச்சர்

சார், மூச்சுப் பயிற்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் கால அட்டவணையைக் கையில் எடுங்கள். நோய்ப் பயம் ஒரு பக்கம் இருக்க, முடிவே இல்லாத வேலை நாள்தான் ஆசிரியர்களை நொறுக்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கணித ஆசிரியருக்கு 5 பிரிவு, பிரிவுக்கு 40 பிள்ளைகள், ஆளுக்கு 3 பக்க வீட்டுப்பாடம். ஒரே நாளில் 600 படம் போனில் வந்து விழும். பாதி தலைகீழாக இருக்கும், சிலதில் எடுத்தவர் கை நிழல் விடையை மறைத்திருக்கும். விரலால் பெரிதாக்கிப் பார்த்து ஒரு டிக் போட 30 விநாடி என்றால்கூட 5 மணி நேரம். வகுப்பு எடுத்த நேரம் இதில் சேரவில்லை.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு பிரிவு மட்டும் வீட்டுப்பாடம் அனுப்பட்டும். அந்த 40-ல் 10 பேருடையதை முழுமையாகத் திருத்துங்கள். மற்ற 30 பேருக்கு விடைக்குறிப்பு போகட்டும், அவர்களே திருத்திக்கொள்வார்கள். நான்கு வாரத்தில் எல்லார் நோட்டும் ஒரு முறை ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும்.

வாட்ஸ்அப்புக்கு: பள்ளிச் செலவில் ஆளுக்கு ஒரு தனி சிம். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, வேலை நேரம் 9 முதல் 5 என்று குறித்து, மற்ற நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வைக்கலாம். வகுப்புக் குழுவில் நிர்வாகி மட்டுமே செய்தி போடும்படி மாற்றுங்கள். படங்கள் தானாகத் தரவிறங்குவதை நிறுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் போன் நிரம்பிவிடும். தனி சிம் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். குழுவில் இருக்கும் எல்லாருக்கும் ஆசிரியையின் எண் தெரியும். ராத்திரி 11 மணிக்கு யார் யாரோ கூப்பிடும் தொல்லையைப் பல பெண் ஆசிரியர்கள் வெளியே சொல்லாமலே சுமந்தார்கள்.

இது எங்கே சறுக்கும் தெரியுமா? ஒருவர் மட்டும் 5 மணிக்கு நிறுத்தினால் பெற்றோர் மற்றவரோடு ஒப்பிடுவார்கள். அதனால் உங்கள் கையெழுத்தோடு பள்ளிச் சுற்றறிக்கையாகவே போகவேண்டும். அதைப் போட்ட நீங்களே இரவு 9 மணிக்கு "எமிஸ் விவரம் உடனடியாக" (எமிஸ் என்பது அரசின் பள்ளி விவரப் பதிவுத் தளம்) என்று அனுப்பினால் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. ஒரே விவரத்தை எமிஸில் ஒரு தடவை, கூகுள் படிவத்தில் ஒரு தடவை, காகிதத்தில் ஒரு தடவை கேட்கும் வழக்கமும் நிற்கவேண்டும். எல்லா விவரமும் உள்ள ஒரே தாளை ஒருவர் பொறுப்பில் வைத்தால் 25 பேருக்கு நிம்மதி.

நேரலை வகுப்பு: 2020 ஜூலையில் வந்த மத்திய அரசின் பிரக்யாதா வழிகாட்டுதல் 1 முதல் 8 வரை நாளுக்கு 2 அமர்வு, 9 முதல் 12 வரை 4 அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றது. அது பிள்ளைகளுக்கான வரம்பு. ஐந்து பிரிவு எடுப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பும் தராது. ஆசிரியருக்கு நாளுக்கு 3 நேரலை, நடுவில் 20 நிமிட இடைவெளி என்று நீங்களே வரம்பு வையுங்கள். கேமராவை அணைத்த பிள்ளைகளின் கருப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசும்போது கேட்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தில் குரல் தானாக உயரும், மாலைக்குள் தொண்டை கட்டும். மைக் உள்ள இயர்போன் இருந்தால் சாதாரணக் குரலே போதும். முறை வைத்துத் தினம் நான்கு பிள்ளைகள் கேமராவைத் திறந்து வைக்கட்டும். நான்கு முகம் தெரிந்தாலே பாடம் நடத்துகிற உணர்வு வந்துவிடும்.

பதில் 2: மனநலப்_பிரிவு

டீச்சர் சொன்ன வேலைக் குறைப்புதான் முதல் மருந்து. அதிலும் தீராதவர்கள் உண்டு.

வேலைச் சோர்வு என்றால் நான்கு நாள் விடுப்பில் கொஞ்சமாவது இறங்கும், வீட்டில் சிரிக்க முடியும். மனச்சோர்வு நோய் அப்படி இல்லை. விடுமுறையிலும் விடாது. அதிகாலை 3, 4 மணிக்கே விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிக்காமல் போகலாம், சாப்பாடு ருசிக்காது, "என்னால் பிள்ளைகள் வீணாகிறார்கள்" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். இரண்டு வாரம் இப்படி இருந்தால் பார்த்தே ஆகவேண்டும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். 9-வது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கும். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் 0 இல்லையென்றால் அன்றைக்கே ஒருவரிடம் பேசவேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சார். அந்தத் தாளை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். அதிகாரி கைக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லாரும் 0 போடுவார்கள், உண்மையில் தவிப்பவர் முதலில் போடுவார். தாளைக் கொடுங்கள், தனியே போட்டுப் பார்த்துக் கிழித்துவிடச் சொல்லுங்கள், அடியில் உதவி எண்களை அச்சிடுங்கள்: அரசு மருத்துவ உதவி எண் 104, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸ் 14416. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கட்டணமில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள்.

தொற்று வந்து தேறியவர் மாதக்கணக்கில் சோர்ந்திருந்தால் எல்லாவற்றையும் மனசின் மேல் போடவேண்டாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கட்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதும், தேறியவுடன் தானாக நிறுத்துவதும்தான் அடிக்கடி நடக்கும் தவறு.

பதில் 3: மெட்ரிக்_பள்ளி_சங்கம்

தனியார் பள்ளி நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அங்கே மனநலத்தின் முதல் பெயர் சம்பளம். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 75 சதவீதக் கட்டணத்தை, முதலில் 40, பிறகு 35 என இரு தவணையாக வாங்க அனுமதித்தது. கட்டணம் வராததால் சம்பளம் பாதியானது, சில இடங்களில் நின்றே போனது. ஆனால் பலரை வதைத்தது "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில். குறைப்பு எவ்வளவு, எந்த மாதம் வரை, நிலுவை எப்போது என்று எழுத்தில் கொடுத்தால் வாடகையை, நகைக்கடனைத் திட்டமிட முடியும். குறைத்தால் எல்லாருக்கும் ஒரே சதவீதம் வேண்டாம். 9,000 வாங்குபவருக்குப் பாதி போவதும் 40,000 வாங்குபவருக்குப் பாதி போவதும் ஒன்றில்லை. வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் பள்ளிகளில் கே.ஒய்.சி. (ஆதார், வங்கிக் கணக்கு போன்ற அடையாள) விவரத்தை இப்போதே சரிபாருங்கள். 2020-ல் மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதை முன்பணமாக எடுக்க வழி செய்தார்கள். ஆதாரில் ஒரு பெயர், வைப்பு நிதிக் கணக்கில் ஒரு பெயர் என்று முதலெழுத்து மாறியிருந்தால் விண்ணப்பம் சிக்கும்.

கேட்டவர்: தலைமையாசிரியர்_கரூர்

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. தொடர்பில்லாமல் போகும் பிள்ளைகளை நினைத்து ஆசிரியர்கள் தவிப்பார்கள். உடன் வேலை செய்தவர் இறந்தால் குழுவில் அந்தச் செய்தியை எப்படிக் கையாள்வது?

பதில் 4: பள்ளி_ஆலோசகர்

பிள்ளைகள்: 40 பேரை 5 நாளுக்குப் பிரித்தால் தினம் 8 அழைப்பு, ஆளுக்கு 5 நிமிடம், 40 நிமிடத்தில் முடியும். தேதி, யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று ஒரு வரி நோட்டில் எழுதட்டும். மூன்று முறை கிடைக்காத எண் அந்த ஆசிரியர் கையை விட்டு உங்கள் பட்டியலுக்கு வரவேண்டும். பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்புவது உங்கள் பொறுப்பு. குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புதல் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆசிரியர் தனியாகச் சுமக்கும்போதுதான் அது குற்ற உணர்வாக மாறுகிறது.

இறப்பு: குழுவில் முதலில் போடாதீர்கள். நெருங்கிய நான்கைந்து பேருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள், ஒரு மணி நேரம் கழித்துக் குழுவில் ஒரே செய்தி. இல்லையென்றால் வகுப்பு நடுவில் திரையின் மேல் அந்தப் படம் வந்து விழும், பாடம் எடுப்பவர் அப்படியே நின்றுவிடுவார். அன்றைய நேரலை வகுப்புகளை ரத்து செய்யுங்கள். ஆஸ்பத்திரிப் படம், கடைசி ஆடியோ எதுவும் பகிரக்கூடாது. அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவர்களுக்குப் பழக்கமான இன்னொரு ஆசிரியர் சொல்லட்டும்.

தொற்றுக் காலத்தில் பலருக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே படத்திறப்பு வையுங்கள், குடும்பத்தை அழையுங்கள். பாட வேளைகளை ஈடுகட்டும் அட்டவணை அதற்கு அடுத்த வாரம் தொடங்கட்டும்.