புதுப்பிப்பு: மோட்டார் மாற்றிய பழைய ஃபைபர் போட், சாய்வு நின்றது

போட் சாய்வதைப் பற்றி முன்பு கேட்டபோது யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: 18 அடி பழைய போட். 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு அதே திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டியதும், பின்பக்கம் அமிழ்ந்தது. ஒரு ஆள் ஓரத்துக்கு வந்தாலே சாய்ந்தது. வேகமெடுத்தால் அணியம் (போட்டின் முன்முனை) எழும்பி எழும்பி விழுந்தது.

புது மோட்டார் 20 கிலோவுக்கு மேல் கூடுதல் கனம். அதனால் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் முன்னால் தள்ளச் சொன்னீர்கள். தள்ளினோம். பின்பக்கம் நிமிர்ந்தது, சாய்வு அப்படியே இருந்தது.

அசல் காரணத்தைப் பிடித்தவர், தளத்தை வெட்டி, மிதப்புக்காக உள்ளே அடைத்திருக்கும் ஃபோமைப் பார்க்கச் சொன்ன அண்ணன்தான். ஃபோம் நனைந்த பஞ்சு மாதிரி தண்ணீர் குடித்திருந்தது. சுருங்கிய இடமெல்லாம் தண்ணீர் நின்று, போட் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடியிருக்கிறது. பழைய மோட்டார் இருந்தபோதும் இது இருந்திருக்கும். பின்பாரம் கூடியதும் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சுரண்டி, காயவைத்து, தண்ணீர் ஏறாத மூடிய நுண்ணறை (closed-cell) ஃபோம் வைத்து அடைத்தோம். சாய்வு போயிற்று.

எதிர்பாராதது ஒன்று: தண்ணீர் போய்ப் பின்பாரம் குறைந்ததும் அணியம் தாழ்ந்து, ஓடும்போது போட் பக்கவாட்டில் இழுத்தது. டேங்கைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்ததும் சரியானது. மிச்சமிருந்த குதிப்பு, டிரிம் பின்னை (மோட்டார் நிற்கும் கோணத்தை வைக்கும் பின்) ஒரு துளை உள்ளே மாற்றியதில் அடங்கியது.

அணியத்தில் மணல் மூட்டை வைக்கச் சொன்ன யோசனையை மட்டும் நான் எடுக்கவில்லை. உள்ளே தண்ணீர் நிற்கும் போட்டில் மேலும் பாரம் ஏற்றுவது ஆபத்து.